ஒப்பாரியைக் கேட்கும் முறை

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் ஓயாமல் குறை சொல்பவரை "ஒப்பாரி வைக்காதை" என்று அடக்குவது அன்றாட வழக்காக இருக்க, அத்தொடர் பிறந்த இழவுப் பாட்டையே அமங்கலம் என்று இளையோர் ஒதுக்குவதும், மலர்ச்சாலையில் ஒரு மணிநேரம் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதும் பெரும் இழப்பாகும்.

இறந்தவரைப் பொன்னுக்கும் முத்துக்கும் ஒப்பிட்டுப் பெண்கள் அழுது பாடுவது ஒப்பாரி. யாழ்ப்பாணத்தார் இதை 'ஒப்புச் சொல்லி அழுதல்' என்பர். தலைவன் மாண்டபின் செயலற்று நின்று பாடும் சங்ககாலக் கையறுநிலை இதற்கு மூத்த உறவு. வட்டுக்கோட்டை மு. இராமலிங்கம் ஈழத்து ஒப்பாரிகளைத் தொகுத்து நூலாக்கினார். ஞாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) இயேசுவின் பாடுகளைக் குறித்து இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் கேட்கும் கத்தோலிக்கருக்கும் அழுகை பாட்டாகும் விதம் புதிதன்று. அடிப்படை இவ்வளவே.

உயிர்நாடி வேறிடத்தில் இருக்கிறது: ஒப்பாரியில் விளிக்கப்படுபவர் ஒருவர், கேட்க வேண்டியவர் இன்னொருவர். கணவனை இழந்தவள் "என்ர ராசா" என்று பிரேதத்திடமே முறையிடுகிறாள். ஆனால் சீதனக் காணியை எழுதிக் கொடுக்காத தமையனும், நோயில் எட்டிப் பாராத மச்சாளும் அருகில் இருப்பதை அறிந்தே அடுத்த அடியை எடுக்கிறாள். தோளைக் கட்டி வட்டமாக அமர்ந்து அசையும் பெண்களிடையே, அடியின் முடிவில் குரல் நீளும் அந்த இழுப்பில்தான் அடுத்த சொல் உருவாகிறது. நேரே சொன்னால் சண்டையாக வெடிக்கும் குற்றச்சாட்டு, செத்தவரிடம் சொல்லப்படுவதால் யாரும் எழுந்து மறுக்க முடியாததாகிறது. அன்றாட வழக்கோ ஓயாமையை மட்டும் எடுத்துக்கொண்டு, விளியையும் செவியையும் தொலைத்துவிட்டது. புலம்புபவன் எவரிடமும் பேசுவதில்லை, ஒப்பாரிக்காரி ஒருபோதும் விளியின்றிப் பேசியதில்லை.

இராகத்தை மட்டும் வியப்பவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள். 'எதிர்ப்புக் குரல்' என்று முத்திரை குத்திவிட்டு நகரும் விமர்சகர்கள் அந்தப் பாதியையும் கேட்பதில்லை. ஆட்டத்துக்குத் தாளமாக ஒப்பாரியைச் செருகும் திரைப்பட நாகரிகம் வெறும் மேலோட்டம்.

ஆகவே செத்தவீட்டுக்குப் போகும் புதியவர் வயதான பெண்களுக்குப் பின்னால் அமர்ந்து, பாடுபவளின் முகத்தை விட்டுவிட்டு, அண்ணன், மச்சாள் என்ற முறைப்பெயர் விழும் கணத்தில் எவருடைய தலை குனிகிறது என்று கவனித்தால் போதும். கண்டதை வெளியே சொல்லாதிருப்பதும் நல்லது, ஏனெனில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் அந்தக் குடும்பம் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது.