பெயர் இழந்தவர்களின் இலக்கியம்

அடிமை என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. அப்துல்லா, அப்துர் ரஹ்மான், அப்துல் காதர் என்று நம் பிள்ளைகளுக்குப் பெயரிட்டு மகிழ்கிறோம். 'அப்து' என்பதன் பொருள் அடிமை என்பதே. இறைவனுக்கு அடிமையானவன் மனிதன் எவனுக்கும் அடிமையாகான் என்பது அப்பெயர்களின் உட்பொருள். மீலாது மேடைகளில் ஹஸ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வரலாறு சொல்லப்படும்போது கண் கலங்காதவர் நம்மில் அரியர். சுடுமணலில் கிடத்தி மார்பின்மேல் பாறை ஏற்றப்பட்ட அந்த அடிமை, கி.பி. 630 இல் மக்கா வெற்றி நாளன்று கஅபாவின் மேல் ஏறி நின்று பாங்கு சொன்னார் என்பது உலக வரலாற்றின் ஒப்பற்ற காட்சிகளுள் ஒன்று.

ஆயினும் மேடையில் கலங்கிய கண்கள் புத்தகத்தின்மேல் விழும்போது என்ன செய்கின்றன? அடிமை வாழ்வையும் நாடு கடந்த வாழ்வையும் பாடும் நூல்களை நாம் எவ்வாறு வாசிக்கிறோம்? இக்கட்டுரையில் இதனைச் சற்று ஆராய்வோம்.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெருநூலகங்களில் நூல்கள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டு அடுக்கப்படுகின்றன. வரலாறு ஓரிடம், நாவல் ஓரிடம், மொழிபெயர்ப்பு வேறோரிடம். நூலகத்திற்கு இந்த ஒழுங்கு தேவை. நம் உள்ளத்திலும் இதுபோன்ற அடுக்குகள் உண்டு. அடிமைமுறை என்றால் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்னும் அடுக்கு. கடல் கடந்த தமிழர் என்றால் வணிகம், செல்வம், புகழ் என்னும் அடுக்கு. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நாம் பழகவில்லை.

தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று அறியப்பட்ட நாவலையே முதலில் எடுத்துக்கொள்வோம். அலெக்ஸ் ஹேலி 1976 இல் வெளியிட்ட இந்நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. காம்பியா ஆற்றங்கரைச் சிற்றூரான ஜுஃபூரேயில் பிறந்த குன்டா கின்டே ஒரு முஸ்லிம் இளைஞன். ஓதக் கற்றவன், தொழுகை அறிந்தவன். 1767 இல் பிடிக்கப்பட்டுக் கப்பலேற்றப்படுகிறான். எசமானர் அவனுக்கு 'டோபி' என்று பெயரிடுகின்றனர். அவன் அதை ஏற்க மறுக்கிறான். நாவலின் உயிர் இம்மறுப்பில் இருக்கிறது.

இந்நூலைப் புகழ்வோர் அதன் குறைகளையும் அறிந்திருத்தல் நலம். ஹரால்டு கூர்லாண்டர் என்பார் 1967 இல் எழுதிய நாவலின் சில பகுதிகள் தம் நூலில் இடம்பெற்றுவிட்டதை ஹேலி ஒப்புக்கொண்டு, 1978 இல் அவ்வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டார். அவர் காட்டிய குலவரிசையும் வரலாற்றறிஞர்களின் கேள்விக்கு உள்ளாயிற்று. எனவே ஆவணமாகக் கொண்டால் இந்நூல் தடுமாறுகிறது. நாவலாகக் கொண்டால் நிமிர்ந்து நிற்கிறது. பெயரைப் பறிப்பதே அடிமைமுறையின் முதற் செயல் என்னும் உண்மையை இதைப்போல் பாமரர்க்கும் உணர்த்திய நூல்கள் சிலவே.

இனி நம் மண்ணின் கதைக்கு வருவோம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல் 'ரெட் டீ'. இரா. முருகவேள் இதனை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். தமிழரின் துயரைத் தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுத, அது தமிழுக்கு வந்துசேர ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின. ஆப்பிரிக்கனின் அழுகுரலை விரைந்து கேட்ட நம் செவிக்கு வால்பாறையின் அழுகுரல் எட்ட இத்தனை காலம் ஆனதேன்? மொழித்தடை ஒன்றே காரணம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

நாவலின் கதை எளியது. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட சிற்றூரிலிருந்து கருப்பன், வள்ளி என்னும் இளந்தம்பதியர் மேஸ்திரி ஒருவனின் ஆசை வார்த்தையையும் முன்பணத்தையும் நம்பி மலையேறுகின்றனர். ஓராண்டு உழைத்துப் பணத்தோடு ஊர் திரும்பலாம் என்பது அவர்கள் கனவு. அங்கே குளிரும், அட்டையும், மலேரியாவும் காத்திருக்கின்றன. கணக்குத் தீர்க்கும் நாளில் கூலி கையில் வருவதில்லை, கடன்தான் மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டும் அதே கதை.

டேனியலின் எழுத்து வலிமை பெறுவது இந்தக் கணக்கு நாளில்தான். சவுக்கடியைக் காட்டி வாசகரை அழவைப்பது எளிது. பேரேட்டைக் காட்டி அஞ்சவைப்பது அரிது. இங்கே விலங்கு இரும்பினால் ஆனதன்று, மையினால் எழுதப்பட்டது. கொடுத்த கம்பளியும் அரிசியும் வழிச்செலவும் பற்று எழுதப்பட, உழைத்த நாட்கள் வரவில் தேய்கின்றன. எழுத்தறியாதவன் எழுத்தினால் கட்டப்படும் கொடுமையை மருத்துவருக்குரிய நிதானத்தோடு, நோயின் குறிகளைச் சொல்வதுபோல் சொல்லிச் செல்கிறார்.

குறையும் உண்டு. நாவலின் பிற்பகுதியில் மருத்துவர் ஒருவர் வருகிறார். நன்மையின் ஊற்று அவரிடமிருந்தே பெருகுகிறது. தொழிலாளர் துன்புறுவோராகவே நிற்கின்றனர். தம் துயரைத் தாமே சொல்லி, சிரித்து, ஏசி, பாடிய மக்கள் அவர்கள். இலங்கை மலையகத்தில் அப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. தொழிலாளரிடையே பாட்டெழுதிப் பாடியவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. அக்குரல்களோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் டேனியலின் நாவல் முழுமை பெறுகிறது. இந்நாவலைத் தழுவி இயக்குநர் பாலா 2013 இல் எடுத்த 'பரதேசி' திரைப்படமோ அந்த மருத்துவரை மதம் மாற்றுவதிலேயே கண்ணானவராக்கிக் கேலிச்சித்திரமாக்கிற்று. மூலநூலின் நெஞ்சத்திற்கு அது இழைத்த அநீதி என்றே நாம் கருதுகிறோம். ஒரு சமயத்தாரை இழிவுபடுத்திக்கொண்டே அடிமைத்தளையைக் கண்டிக்க முற்பட்டால் கண்டனம் வலுவிழக்கும்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் அச்சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. இந்திய நீதிமன்றங்கள் அடிமையுடைமையை ஏற்கலாகாது என்ற சட்டம் 1843 இல்தான் வந்தது. ஆனால் 1834 இலேயே ஒப்பந்தக் கூலிகள் மொரீஷியசுக்கு அனுப்பப்படலாயினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அடிமை என்ற சொல் சட்டத்திலிருந்து நீங்க, கூலி என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்தது.

இவற்றுக்கும் முன்னரே நம் கடற்கரை கண்ட கொடுமை ஒன்று உண்டு. பழவேற்காடும் நாகப்பட்டினமும் நம் சமுதாய வரலாற்றில் மரக்கலங்களுக்கும் துணி வாணிகத்திற்கும் பெயர்பெற்றவை. அதே துறைகளிலிருந்து டச்சுக் கம்பெனியார் பஞ்சத்தில் அடிபட்ட மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினர். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது பெற்றோரே பிள்ளைகளை விற்கும் நிலை நேர்ந்தது. பத்தாவியாவுக்கும் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே அவர்தம் பெயர்கள் மறைந்தன. 'கோரமண்டலத்து' இன்னான், 'சிலோனின்' இன்னான், 'வங்காளத்து' இன்னாள் என்று ஊரே பெயராயிற்று.

இந்தத் தென்முனையில்தான் நம் கதை எதிர்பாராத திருப்பம் பெறுகிறது. டச்சுக்காரரை எதிர்த்துப் பான்டனில் போரிட்ட மார்க்க அறிஞர் ஷெய்கு யூசுஃப், 1684 இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கும் அவர் செல்வாக்குக் குறையாமை கண்டு 1694 இல் கேப் நகர்ப் பகுதிக்கு அனுப்பினர். 1699 இல் அங்கேயே காலமானார். பின்னர் 1780 இல் கைதியாகக் கொண்டுவரப்பட்ட துவான் குரு, ராபன் தீவுச் சிறையில் இருந்தபடியே திருக்குர்ஆனைத் தம் நினைவிலிருந்து எழுதினார். நாடிழந்த அறிஞர்களும் பெயரிழந்த அடிமைகளும் கூடி ஒரு சமுதாயமாயினர். கேப் நகரின் முதற் பள்ளிவாசலான அவ்வல் மசூதி நின்ற மனைக்கு உரியவராய் இருந்தவர் 'சிலோனின் கொரிடோன்' என்னும் விடுதலை பெற்ற அடிமை. பிற்காலத்தில் அம்மக்கள் தாம் பேசிய ஆப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அபூபக்கர் எஃபெந்தி இவ்வாறு எழுதிய மார்க்க நூல் 1877 இல் இஸ்தான்புலில் அச்சேறியது. அரபுத் தமிழ் கண்ட நமக்கு இச்செய்தி அயலார் செய்தியாகத் தோன்றலாமா? 'கேப் மலாய்' என்று இன்று அழைக்கப்படும் அச்சமுதாயத்தின் முன்னோருள் சோழமண்டலக் கரையினரும் உண்டு.

இனி நம் மனச்சாட்சியைத் தொடும் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. பிலால் (ரலி) வரலாற்றோடு நாம் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். அடிமையை விடுவித்தலை மலைவழி ஏறுதலுக்கு ஒப்பான அருஞ்செயலாகத் திருமறை போற்றுகிறது. ஜகாத்தின் எட்டுச் செலவினங்களுள் ஒன்றாக அதனை வைத்துள்ளது. இவ்வளவு இருந்தும் முஸ்லிம் நாடுகளில் அடிமைமுறை நெடுங்காலம் நீடித்தது. சவூதி அரேபியாவில் 1962 இலும், மௌரித்தானியாவில் 1981 இலும்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நெறி காட்டிய பாதையில் நடக்கத் தவறியது யார் என்று கேட்கும் துணிவும் ஈமானின் பகுதியே. ஹேலியை வாசித்து வெள்ளையரை ஏசுவதோடு நின்றுவிடும் வாசிப்பு அரைகுறை வாசிப்பாகும்.

திருமறை அடிமைக்கு ஓர் உரிமை தந்தது. தன் விடுதலைக்கு விலை பேசி எழுதிக் கேட்கும் அடிமைக்கு எழுதிக்கொடுக்குமாறு அது பணிக்கிறது. 'முகாத்தபா' எனப்படும் இம்முறையில்தான் சல்மான் பார்சி (ரலி) விடுதலை பெற்றார்கள். முந்நூறு பேரீச்சங்கன்றுகள் நட்டுத்தர வேண்டும் என்பது அவர்களின் உடன்படிக்கை. தோழர்கள் கன்றுகள் கொடுத்துதவ, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள் என்று வரலாறு கூறும். அங்கே ஓர் எழுத்து அடிமையைத் தோட்டத்திலிருந்து விடுவித்தது. ஆனைமலையில் ஓர் எழுத்து உழவனைத் தோட்டத்தில் கட்டிப்போட்டது. 'எரியும் பனிக்காடு' வாசிக்கும் முஸ்லிம் வாசகர் இவ்விரு எழுத்துகளையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களை அடுத்த ஊர்களில் கடை வைத்திருந்தோர் நம் பாட்டன்மாரில் பலர். நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைவதற்குத் துணி வியாபாரி வேடம் பூண்டார் என்பர். துரைமார் சங்கத்தலைவரைத் தடுத்தனர், வணிகரைத் தடுக்கவில்லை. ஆகவே வாசல் கடந்து செல்லவும் கண்ணால் காணவும் வாய்த்தவர்கள் நம்மவர்கள். அத்தோட்டத்து மக்களை 1948 இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. ஆளின் பெயரைக் கேளாமல் தலையை மட்டும் எண்ணும் வழக்கம் அப்போதும் மாறவில்லை.

நம் குடும்பங்களில் பழைய பெட்டிகள் உண்டு. அவற்றில் கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த அரபுத் தமிழ்க் கடிதங்களும் கடைப் பேரேடுகளும் இருக்கக்கூடும். அவற்றைச் செல்லரிக்க விடாதீர்கள், பழந்தாளென்று விற்றுவிடாதீர்கள். கடன் வாங்கியவன் என்றேனும் அங்கே ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அவன் பெயர் உலகில் எழுதப்பட்ட ஒரே இடம் அதுவாகவும் இருக்கலாம். அப்பெயரைக் காப்பது நம்மீது எஞ்சி நிற்கும் கடன். இன்ஷா அல்லாஹ், அக்கடனை நாம் தீர்ப்போமாக.