ரோல்ஸ் ராய்ஸும் குளியல் சோப்பும்: ஒரு தீர்ப்பை வாசித்தல்

நீதிமன்றத் தீர்ப்பு வந்தால் நாம் கடைசிப் பத்தியை மட்டும் பார்ப்போம். யாருக்கு ஜெயம், எவ்வளவு அபராதம், அவ்வளவுதான். ஆனால் தீர்ப்பும் ஒரு எழுத்துதானே. அதற்கும் ஒரு வாதம், ஒரு தொனி, ஒரு கணக்கு எல்லாம் உண்டு. அப்படி வாசித்தால் முடிவு சரியாக இருந்தும் எழுத்து தவறாக இருக்கிற தீர்ப்புகள் கண்ணில் படும். நடிகர் விஜய்யின் ரோல்ஸ் ராய்ஸ் கார் வழக்கில் 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அந்த வகை என்பது என் கட்சி.

சேரன்மகாதேவி டீக்கடையில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். ஒரு பக்கம் "வரி கட்டாம ஏமாத்திட்டாரு வே". மறுபக்கம் "எங்க ஆள் மேல காழ்ப்புணர்ச்சி". ரெண்டு பக்கமும் வழக்கு என்ன என்று பார்க்கவே இல்லை. அவர் பிறகு அரசியலுக்கு வந்துவிட்டதால் இப்போது பார்ப்பது இன்னும் கஷ்டம். அதை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருவோம்.

வழக்கு என்ன?

2012-ல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் கார் ஒன்றை இறக்குமதி செய்கிறார். சுங்க வரி கட்டியாகிவிட்டது. அது சின்னத் தொகை இல்லை. 40,000 டாலருக்கு மேல் விலையுள்ள புதுக் கார்களுக்கான சுங்கத்தை அந்த வருஷ பட்ஜெட்தான் 60 சதவீதத்திலிருந்து 75 ஆக்கியது. பதிவு செய்யப் போனால், தமிழக அரசின் நுழைவு வரியையும் கட்டச் சொல்கிறார்கள். "ஏற்கெனவே சுங்கம் கட்டின வண்டிக்கு மாநிலம் எப்படி நுழைவு வரி கேட்கலாம்?" என்று ரிட் மனு போடுகிறார். 20 சதவீதம் கட்டிவிட்டு வண்டியைப் பதிந்துகொள்ளலாம் என்று இடைக்கால உத்தரவு வருகிறது. வழக்கு ஒன்பது வருஷம் கிடப்பில் கிடக்கிறது.

2021-ல் நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஒரு லட்சம் ரூபாயை முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கட்டச் சொன்னார். கூடவே, திரையில் மட்டும் நாயகனாக இருந்தால் போதாது, வரி என்பது நன்கொடை அல்ல, வரி ஏய்ப்பு தேச விரோத மனப்பான்மை என்கிற பொருளில் கடுமையான வரிகள். அடுத்த மாதமே நடிகர் தனுஷின் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கும் அதே நீதிபதியிடம் வந்தது. சோப்பு வாங்குகிறவரும் பெட்ரோல் போடும் பால்காரரும் வரி கட்டுகிறார்களே, அவர்கள் நீதிமன்றத்துக்கு வருகிறார்களா என்று கேட்டார். பாக்கி சுமார் 30 லட்சத்தை 48 மணி நேரத்தில் கட்ட உத்தரவானது.

இந்த வரி எதற்கு?

ஒரு ஊருக்குள் பொருள் நுழையும்போது வரி வாங்குவது பழைய சமாச்சாரம். குறள் 756 அரசனின் வருவாயில் ஒன்றாக உல்கு பொருளைச் சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்தவன்' என்று பட்டமே உண்டு. சுங்கத்தை எடுத்தது 900 வருஷம் பேசப்படுகிறது என்றால் அது எவ்வளவு கடுப்பைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தமிழ்நாட்டின் 1990-ம் ஆண்டு வாகன நுழைவு வரிச் சட்டம் வேறு காரணத்துக்கு வந்தது. பக்கத்து மாநிலத்திலோ புதுச்சேரியிலோ விற்பனை வரி குறைவு என்றால், அங்கே வாங்கி இங்கே ஓட்டுவார்கள். இங்கே இருக்கும் டீலருக்கும் நஷ்டம், அரசுக்கும் நஷ்டம். அந்த ஓட்டையை அடைக்க, இங்கே வாங்கியிருந்தால் கட்டியிருக்கும் அளவு வரியை நுழையும்போது வாங்கு, வெளியே கட்டின விற்பனை வரியைக் கழித்துக்கொள். இவ்வளவுதான் லாஜிக். நேரடியாக வெளிநாட்டிலிருந்து வரும் காருக்கு உள்ளூர் விற்பனை வரியே கிடையாது, எனவே கழிக்கவும் ஒன்றும் இல்லை. நியாயமாகப் பார்த்தால், திருநெல்வேலியில் மாருதி வாங்கினவர் வாட் கட்டும்போது ரோல்ஸ் ராய்ஸ்காரர் மட்டும் தப்பிக்கக் கூடாது. ஆக, மனு தோற்றது சரி.

எங்கே சறுக்குகிறது?

தீர்ப்பு 2021-ல் தெரிந்ததை வைத்து 2012-ஐ அளக்கிறது. மென்பொருள் பாஷையில் சொன்னால், புது விவரக்குறிப்பை வைத்துக்கொண்டு பழைய நிரலில் பிழை கண்டுபிடிப்பது மாதிரி.

2012-ல் இந்தக் கேள்வி உண்மையிலேயே திறந்திருந்தது. இறக்குமதி வாகனத்துக்கு நுழைவு வரி கேட்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. இறக்குமதிக்கு வரி போடுவது நாடாளுமன்றத்தின் அதிகாரம் என்பது அந்தப் பக்கத்து வாதம். நுழைவு வரி என்பதே அரசமைப்புக்கு உட்பட்டதா என்ற பெரிய கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2016 நவம்பரில்தான் பதில் சொன்னது. இறக்குமதிப் பொருளுக்கும் அது பொருந்தும் என்பது 2017 அக்டோபரில்தான் முடிவானது. அதற்குள் ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரியே காணாமல் போயிருந்தது!

ஏய்ப்பு என்பது வேறு. 2017-ல் கேரளத்தில் வெடித்ததே, புதுச்சேரியில் போலி முகவரி கொடுத்து சொகுசு கார்களைப் பதிந்ததாகப் புகார், அது உண்மையானால் ஏய்ப்பு. அது மறைவில் நடப்பது. இது வெளிப்படையாக, அரசையே எதிர்த்தரப்பாக்கி, நீதிமன்றத்தின் அனுமதியோடு நடந்தது. ரெண்டையும் ஒரே சொல்லால் அடித்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

"கோடீஸ்வரருக்காக நீங்க ஏன் வக்காலத்து வாங்குறீங்க?" என்று கேட்பீர்கள். அவருக்காக இல்லை. நாளைக்கு நம்ம ஊர் அரிசி ஆலைக்காரர் ஒருவர், சொத்து வரி தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றம் போகலாம். தோற்கவும் செய்யலாம். தோற்றால் பணத்தோடு போக வேண்டும். 'தேச விரோதி' பட்டமும் சேர்ந்து வரும் என்றால் எவன் போவான்? நடிகருக்கு வக்கீல் பட்டாளம் உண்டு, மேல்முறையீடு செய்தார். இரண்டு நீதிபதிகள் அமர்வு முதலில் தடை கொடுத்தது, 2022 ஜனவரியில் அந்த வரிகளையே நீக்கியது. ஆலைக்காரருக்கு அந்த வசதி இருக்குமா?

சோப்பு வாதம்

அந்தக் கேள்வி கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அது எந்தப் பக்கம் குறிபார்க்கிறது என்று கவனியுங்கள். தாமிரபரணியில் குளிக்கப் போகிறவர் கையிலுள்ள சோப்புக்கு அப்போது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அவர் நீதிமன்றத்துக்குப் போகாதது தேசபக்தியால் அல்ல. போக வழி இல்லை. வரி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, சோப்பை எடுத்தால் வரியும் கட்டியாச்சு. 20 சதவீதம் கட்டிவிட்டு மிச்சத்துக்குத் தடை வாங்கும் வசதி சோப்புக்குக் கிடையாது, காருக்கு உண்டு.

அநியாயம் அங்கேதான் இருக்கிறது. தீர்ப்பு அதன் பக்கத்தில் வந்துவிட்டு, ஆளைத் திட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஒரு சின்னக் கணக்கு. விஜய் பிறகு கட்டிய பாக்கி 32 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஆண்டுக்கு 8 சதவீதம் தனிவட்டி என்று வைத்தாலே ஒன்பது வருஷத்துக்குச் சுமார் 23 லட்சம் ஆகிறது. விதித்த அபராதமோ ஒரு லட்சம். சொற்கள் கனம், தொகை லேசு. ஒன்பது வருஷம் மனுவைத் தூங்கவிட்டது யார் என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. அது நீதிமன்றத்தையே சுட்டும் கேள்வி.

வேறு மாதிரி எழுதலாம்

அதே நடிகரின் பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 காருக்குத் தாமத அபராதம் கேட்ட வழக்கு 2022 ஜூலையில் முடிந்தது. அங்கே உயர் நீதிமன்றம் ஒரு தேதியை எடுத்தது: 2019 ஜனவரி 29, இந்தக் கேள்வியில் சென்னை உயர் நீதிமன்றமே தெளிவாகத் தீர்ப்பளித்த நாள். அதற்கு முந்தைய தாமதத்துக்கு அபராதம் இல்லை, பிந்தையதற்கு உண்டு. நாயகன், தேசம் என்று ஒரு பேச்சும் இல்லை. சட்டம் குழப்பமாக இருந்தவரை சந்தேகத்தின் பலன், தெளிந்த பிறகும் கட்டாவிட்டால் தண்டம். ரோல்ஸ் ராய்ஸ் தீர்ப்பு செய்திருக்க வேண்டிய வேலை இதுதான்.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், சோப்புக்கு 5. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்தே வாழ்நாள் வரி 20 சதவீதம். பெரிய காருக்கும் சிறிய சோப்புக்கும் உள்ள தூரத்தை எண்களால் சொல்ல முடிகிறது. எண்ணால் சொல்ல முடிவதை வசவால் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.