மயிற்பொறியும் ஜீனோவும்

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வெளிவந்த புதினம். இளையோர்க்கென்றே எழுதப்பெற்றது அன்று. எனினும் பதின்மூன்று, பதினான்கு வயதினர் கையில் நம்பிக்கையோடு கொடுக்கத்தக்க அறிவியற் புனைவுகளைத் தமிழில் தேடுவார்க்கு முதலில் நினைவிற்கு வருவனவற்றுள் இஃது ஒன்று. வார இதழ் விறுவிறுப்புக்காக எழுதியது எனக் கூறி இதனை ஒதுக்குவாரும் உளர். அங்ஙனம் ஒதுக்குதல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கதை நிகழும் காலம் ஆசிரியர்க்கு எதிர்காலம். நமக்கோ அது கடந்துவிட்டது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மகப்பேற்றுக்கும் அரசின் இசைவு வேண்டும். மக்கட்பெயர் ஈரெழுத்துக்கு மேற்படலாகாது. நிலா, சிபி, ரவி, மனோ என எண்ணிப் பார்க்கும் சிறுவன், கொடுங்கோன்மையைத் தன் விரல்விட்டே அளந்துவிடுகிறான். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தமிழ் நெடுங்கணக்கிலேதான் இச்சட்டம் இத்துணைக் கூர்மை பெறுகிறது. மொழிபெயர்ப்பில் இந்நயம் நில்லாது. நீண்டதொரு வருணனை செய்யமாட்டாததை ஓர் எழுத்துக்கணக்குச் செய்துவிடுகிறது. ஆள்வோன் பெயரும் எந்திர நாயின் பெயரும் ஈரெழுத்தே என்பதும் கருதத்தக்கது.

சிபி காணாமற்போகவே, நிலா அவனைத் தேடுகிறாள். துணை நிற்பது ஜீனோ என்னும் எந்திர நாய். இங்கே சீவகசிந்தாமணி நினைவிற்கு வருகிறது. நாமகள் இலம்பகத்தில், கட்டியங்காரன் அரசைக் கவரும்பொழுது, கருவுற்ற விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான் சச்சந்தன். கவரப்பட்ட அரசு, தாய்மையை எதிர்நோக்கும் பெண், அவளுக்குத் துணையாகும் பொறி என மூன்றும் ஈரிடத்தும் உள. ஆயின், வேற்றுமையே பெரிது. மயிற்பொறி விசையை ஒருபுறம் திரித்தால் எழும். மறுபுறம் திரித்தால் இறங்கும். பகைவனின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்கியதும் அதுவும் இடுகாட்டில் இறங்கிவிடுகிறது. செலுத்துவோர் சோர்ந்தால் பொறியும் சோரும். ஜீனோவோ, மாந்தர் சோர்ந்தவிடத்துத் தானே எண்ணத் தொடங்குகிறது, நூல் படிக்கிறது, நகையாடுகிறது. ஆணையிட்டவற்றைச் செய்ய அமைந்த பொருள் வினாக் கேட்கிறது. வினாக் கேட்கப் பிறந்த மக்களோ ஆணைவழி நிற்கின்றனர். இம்மாற்றமே நூலின் உயிர்நிலை.

ஜீவா மெய்யான மனிதன் அல்லன், ஒளியாற் புனைந்த உருவம் என்பது பின்னர்த் தெரிகிறது. 1949இல் வெளிவந்த ஆர்வெலின் '1984' புதினத்திலும் தலைவன் உளனா, இலனா என்னும் ஐயம் உண்டு. அஃது அங்குத் தீர்வதில்லை. சுஜாதா தீர்த்துவிடுகிறார். தீர்த்தபின்னும் அச்சம் நீங்கவில்லை; உருவம் மறைந்த அரியணையில் நிலாவை அமர்த்திவிட்டு ரவியும் மனோவும் பின்னின்று ஆள்கின்றனர். இரண்டாம் நூலாகிய 'மீண்டும் ஜீனோ' எழுவது இதனின்றே. அஞ்சத்தக்கது எந்திரம் அன்று, அதன் விசை எவர் கையில் உளது என்பதே.

குறை இல்லாமல் இல்லை. நிலாவின் உள்ளம் ஜீனோவின் உள்ளம் அளவுக்கேனும் விரிக்கப்பெறவில்லை. அவள் பெரும்பாலும் நடத்தப்படுகிறாள். அத்தியாய இறுதிதோறும் ஒரு திடுக்கீடு வைக்கும் தொடர்கதை வழக்கம், நூலாகப் படிக்குங்கால் அயர்வு தருகிறது.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் இந்நூலைப் படிப்பிப்பார்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் ஆலை 1998இலும் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இலும் காருற்பத்தியைத் தொடங்கின. பற்றவைக்கும் எந்திரக் கைகள் அங்குள்ள பிள்ளைகளுக்கு வியப்பல்ல. அண்ணனோ அக்காளோ இரவுப் பணி முடித்து வந்து கூறும் வீட்டுச் செய்தி. நகரத்து மாணவன் ஜீனோவைக் கண்டு வியப்பான். இப்பிள்ளையோ, 'ஆலையிலுள்ள எந்திரம் நிற்கச் சொன்னால் நிற்கிறதே, இது மட்டும் ஏன் நிற்கவில்லை?' எனக் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை தேடும் வகுப்பில் நாமகள் இலம்பகத்தின் மயிற்பொறிப் பகுதியையும் இப்புதினத்தையும் ஒருசேர வைத்துப் படிப்பித்தல் தகும்.