வாத்தியத்தை விற்ற பணம்

சங்கீதத்துக்குத் தர்மம் செய்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. மேடை கட்டிக் கொடுக்கிறவர்கள் ஒரு ரகம். மேடை ஏறுவதற்கு முந்திய பத்து வருஷங்களுக்குப் படியளக்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாருக்குக் கல்வெட்டு, பொன்னாடை, முன்வரிசை நாற்காலி எல்லாம் கிடைக்கும். இரண்டாவது ரகத்தாரை யாரும் கண்டுகொள்வதில்லை.

கில்யெர்மினா ஸுஜியா இந்த இரண்டாவது ரகம். 1885-ல் போர்ச்சுகல் தேசத்துப் போர்ட்டோ நகரில் பிறந்தவர். செல்லோ வாசிப்பில் பெரும் பெயர் எடுத்தவர். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியண்ணன். முழங்கால்களுக்கு நடுவே அணைத்து வாசிக்க வேண்டும். பெண்பிள்ளை அப்படி உட்காருவதா என்று ஐரோப்பியர்களே முகம் சுளித்த காலம் அது. (ஆசாரம் நம்முடைய ஏகபோக உரிமை என்று நினைக்கிறோம்!) தகப்பனாரிடம் கற்றுக்கொண்டவர், 1901-ல் மேல்பயிற்சிக்கு ஜெர்மனியிலுள்ள லைப்ஸிக் நகருக்குப் போனார். அதற்குப் பொருளுதவி அரண்மனையிலிருந்து வந்தது.

அதை அவர் மறக்கவில்லை. 1950-ல் காலமானபோது, தம்முடைய ஸ்ட்ராடிவேரி செல்லோவை விற்று, அந்தப் பணத்தில் இளம் செல்லோக் கலைஞர்களுக்கு உதவ வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஞாபகார்த்தமாகப் பாதுகாக்கச் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விற்கச் சொன்னாரே, அங்கேதான் அந்த அம்மாளின் மனசு தெரிகிறது.

1955-ல் முதன்முதலாக அந்த உதவியைப் பெற்றவர் இலங்கைக் குடும்பத்துப் பையன், ரோஹன் டி சேரம். மறுவருஷம் பதினொரு வயதுச் சிறுமி ஜாக்குலின் டு ப்ரே. அவளைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஜான் பார்பிரோலியும் ஒருவர். பணம் வில்லியம் ப்ளீத்திடம் பாடம் கேட்பதற்குப் போயிற்று. 1965-ல், அதே பார்பிரோலி வாத்திய கோஷ்டியை நடத்த, எல்கார் இயற்றிய செல்லோ கன்செர்ட்டோவை அவள் இசைத்தட்டில் வாசித்தாள். ஆரம்பத்தின் ஆவேசத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ மூன்றாவது பகுதியின் நிதானந்தான் பெரிதாகப் படுகிறது. ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்ததற்குப் போக மனசில்லாமல் வில் நின்று நின்று நகர்கிறது. இருபது வயதில் அப்படிக் காத்திருக்க ஒருத்திக்குத் தெரிந்திருந்ததென்றால், அவசரமில்லாமல் படிக்க யாரோ அவகாசம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த அவகாசத்துக்கும் விலை இருந்தது. சாதகத்துக்காகப் பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்தார்கள். சகவயதுக் குழந்தைகளின் சிநேகம் போயிற்று. 1973-ல் நரம்பு நோய் என்று தெரிந்தது. மேடை வாழ்வு முடிந்தது. 1987-ல், நாற்பத்திரண்டு வயதில், காலமானாள். டி சேரமோ ஆர்டிட்டி நால்வர் குழுவில் பல வருஷங்கள் இருந்து, கூட்டம் சேராத புதுச் சங்கீதத்தைச் சளைக்காமல் வாசித்தார். கண்டிய மேளமும் பயின்றார். இசைத்தட்டு விற்பனையை வைத்து இந்த இரண்டு பேரில் யாருக்குச் செய்த உதவி பலித்தது என்று கணக்குப் பார்ப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். டு ப்ரேயின் தாயார் பியானோ வித்வாம்ஸினி; குழந்தைக்கென்று தாமே மெட்டமைத்து, படம் வரைந்து, படுக்கையருகே வைத்துவிட்டுப் போவாராம். டி சேரம் பரிசுக்கு முன்பே இத்தாலியில் பெரிய ஆசிரியரிடம் பயின்றவர். பரிசு வருவதற்கு முன்பே வீடு பாதி தர்மத்தைச் செய்து முடித்திருந்தது. வீட்டில் வாத்தியமே இல்லாத பிள்ளை அந்த நீதிபதிகளின் அறை வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்? அதற்கு உயிலில் வழியில்லை.