வேகமானி அளப்பது வேகத்தையா?

வாகனம் ஒரு குறிப்பிட்ட கணத்தில் செல்லும் வேகத்தைக் காட்டும் கருவி வேகமானி. பள்ளியிலோ கல்லூரியிலோ ஏதேனும் ஒரு வடிவில் இந்த வரியை நீங்கள் படித்திருப்பீர்கள். இயற்பியல் ஆசிரியனாகிய நானும் பல ஆண்டுகளாக இதை வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வரி முழு உண்மையன்று என்பதை எனக்கு உறைக்க வைத்தது எந்த நூலுமல்ல. வெள்ளானூரில் ஒரு லாரி ஓட்டுநரின் மீது விழுந்த டீசல் திருட்டுப் பழி.

அவர் என் மாணவன் ஒருவனின் தந்தை. செங்குன்றம் அரிசி மண்டிகளிலிருந்து மூட்டை ஏற்றிச் செல்லும் சிறிய லாரியை ஓட்டுகிறார். சற்றுப் பழைய வண்டி. கேபிளால் இயங்கும் மீட்டர். கூடுதல் பாரம் தாங்கட்டும் என்று உரிமையாளர் 7.50-16 டயர்களைக் கழற்றிவிட்டு 8.25-16 டயர்களைப் போட்டார். அடுத்த மாதமே கணக்கு உதைத்தது. லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 5.6 தான் கொடுக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ 10 லிட்டர் டீசலைக் காணோம்! சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது.

"பெரிய டயர் போட்டா மீட்டர் தப்பாக் காட்டும்னு அப்பா சொன்னாரு சார். முதலாளி நம்பலை. அவரே வண்டியில ஏறி, போனை வெச்சுப் பார்த்துட்டாரு. முள்ளு 60ல நின்னா போனும் 60ன்னுதான் காட்டுது. மீட்டர் சரியாத்தானே இருக்கு, அப்ப டீசல் எங்கேன்னு கேக்கறாரு" என்றான் மாணவன்.

உரிமையாளர் செய்தது ஒரு சோதனைதான். வெளிவட்டச் சாலையின் நேரான பகுதியில், சீரான வேகத்தில், செயற்கைக்கோள் உதவியால் வேகம் சொல்லும் செயலியோடு ஒப்பிட்டிருக்கிறார். அத்தகைய நிலைமையில் அந்தச் செயலியை நம்பலாம். எனவே முள் சரி. அப்படியானால் ஓட்டுநர் பொய் சொல்கிறாரா? விடையை நீங்களே ஊகிக்க முயலுங்கள். அதற்குமுன் அந்த மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று காண்போம்.

கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டில் ஒரு திருகுப்பல் இருக்கிறது. அதனோடு ஒரு சிறு நைலான் பினியன் பொருந்திச் சுழல்கிறது. பினியனின் சுழற்சியை வளையக்கூடிய ஒரு கேபிள் ஓட்டுநரின் முன்னுள்ள மீட்டருக்குக் கொண்டுவருகிறது. கேபிளின் முனையில் ஒரு நிலைக்காந்தம். அதைத் தொடாமல் சூழ்ந்து நிற்பது ஓர் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தின் அச்சில் முள்ளும், மெல்லிய சுருள்வில்லும் உண்டு. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை கிண்ணத்தைக் காந்தத்தின் பின்னால் இழுக்கின்றன. அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருளன்று என்பதை நினைவில் கொள்க. சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுப்பதை 1824இல் அராகோ கண்டார். காரணம் விளங்கியது 1831இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகுதான். இதையே வேகமானியாக்கி 1902இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ ஷூல்ட்சே. இழுக்கும் திருப்புவிசை சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதம். வில்லின் எதிர்த்திருப்புவிசை முள் திரும்பிய கோணத்துக்கு நேர்விகிதம். ஆகவே முள்ளின் கோணம் சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதமாகிறது. எளிமையும் அழகும் சேர்ந்த கருவி!

ஆனால் இதில் எங்கேயாவது சாலை வருகிறதா? இல்லை. கருவி அறிந்தது சுழற்சியை மட்டுமே. வேகம் = கோணத் திசைவேகம் × ஆரம் என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோமே, அதில் கோணத் திசைவேகத்தைக் கருவி அளக்கிறது; ஆரத்தை அளப்பதில்லை. ஆலையில் வண்டியைக் கட்டியவர்கள் எந்த டயரை மனத்தில் கொண்டார்களோ, அதன் சுற்றளவு பினியனின் பற்களாகவும் முகப்பில் அச்சிட்ட எண்களாகவும் உள்ளே உறைந்து கிடக்கிறது. டயரை மாற்றியவர் அந்த எண்ணைப் பொய்யாக்கிவிட்டார்; கருவிக்கு அது தெரியாது. இந்தச் சார்பைச் சொல்லாமல் வேகத்தை அளக்கும் கருவி என்று மட்டும் கற்பிப்பதுதான் நம் பாடங்களின் மீது என் முதல் குறை.

இரண்டாவது குறை அந்த ஆரத்தைப் பற்றியது. நம் வினாத்தாள்களில் சக்கரத்துக்கு எப்போதும் ஒரே ஓர் ஆரம். பாரம் ஏற்றிய லாரி டயரைப் பாருங்கள். அடிப்பகுதி தட்டையாக அழுந்தியிருக்கும். அச்சின் மையத்திலிருந்து தரைவரை அளந்தால் வருவது ஓர் ஆரம். மேலே அழுந்தாத பகுதியில் அளந்தால் வேறோர் ஆரம். எதைப் பயன்படுத்துவது? இரண்டையும் அல்ல. நம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கு உருவாகும் டாங்கியின் சங்கிலித் தடத்தை எண்ணிப் பாருங்கள். தடம் ஒரு முழுச் சுற்று வந்தால் டாங்கி எவ்வளவு நகரும்? தடத்தின் நீளம் அளவுக்கு. உள்ளேயுள்ள சக்கரங்களின் உயரத்தால் அது மாறாது. ரேடியல் டயரின் தரைப்பட்டைக்கு அடியிலுள்ள எஃகுக் கம்பிப் பட்டையும் எளிதில் நீளாத ஒரு வளையம். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழத் தன் நீளத்தையே சாலையில் விரிக்கிறது. அதனால்தான் டயர்த் துறையில் ரேடியல் டயரின் உருள் சுற்றளவைக் கணக்கிட, வெளிவிட்டத்தை 3.14ஆல் பெருக்காமல் 3.05ஆல் பெருக்கும் வழக்கம் இருக்கிறது. பை மாறிவிட்டதா என்று மாணவர்கள் திகைக்க வேண்டாம். மாறியது வட்டந்தான்.

கணக்கைவிட எளிய வழி சாக்குக்கட்டி. நாங்கள் அதைத்தான் செய்தோம். சமதளமான ஒரு களத்தில், வழக்கமான பாரத்தோடு, பின்டயரின் அடியில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியைப் பத்துச் சுற்று மெல்ல உருட்டி, நாடாவால் அளந்தோம். புது டயருக்கு 26.2 மீட்டர். கழற்றிய பழைய டயர்களை மீண்டும் மாட்டி அளந்ததில் 24.6 மீட்டர். (பின்டயரைத்தான் அளக்க வேண்டும். இத்தகைய வண்டியில் முன்டயரை மட்டும் மாற்றினால் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது.) விகிதம் 1.065. அதாவது வண்டி உண்மையில் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் ஏறுவது சுமார் 939தான். விடுபட்ட 61 கிலோமீட்டருக்கான டீசல்தான் அந்தப் பத்து லிட்டர்.

சரி, முள் எப்படிச் சரியாகக் காட்டியது? ஒரே கேபிள் முள்ளுக்கு உண்மையும் தூர எண்களுக்குப் பொய்யும் எப்படிச் சொல்லும்?

விடை சுவையானது. முள் முன்பு பொய் சொல்லிக்கொண்டிருந்தது, அதுவும் வேண்டுமென்றே. ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன ஒழுங்குவிதியின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது. கூடுதலாக, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். 60இல் செல்லும் வண்டிக்கு 70 என்று காட்டினாலும் குற்றமில்லை! ஆகவே எச்சரிக்கையுள்ள தயாரிப்பாளர் முள்ளைச் சற்று மேலே வைத்தே அனுப்புவார். இந்த லாரியில் முன்பு முள் 60 என்றபோது உண்மை வேகம் 56 அளவில்தான் இருந்திருக்கும். பெரிய டயர் அந்தப் பொய்யைத் தற்செயலாகச் சரிக்கட்டிவிட்டது. தூர எண்களோ அதே கேபிளிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக நேரே ஓடுபவை. காந்தமும் வில்லும் அவற்றின் வழியில் இல்லை. அவற்றில் அந்தக் கூட்டல் இருந்ததில்லை. அவை உண்மையாக இருந்தன, டயர் அவற்றைப் பொய்யாக்கியது.

முள்ளைச் செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப்போனால் திருத்தம் தேவையில்லை என்று பலரும் தரும் அறிவுரை இங்கேதான் வழுக்குகிறது. சோதித்தது ஒரு கருவியை. தீர்ப்புச் சொன்னது அதே பெட்டிக்குள் இருக்கும் வேறொரு கருவிக்கு. உரிமையாளர் செய்த தவறு சோதிக்காமல் விட்டதன்று. தவறான எண்ணைச் சோதித்தது.

பட்டறைகளில் நடக்கும் திருத்தத்தையும் பார்க்க வேண்டும். முள்ளைப் பிடுங்கி, சில கோடுகள் தள்ளிச் சொருகிவிடுவது ஒரு முறை. டயரால் வரும் பிழை பெருக்கல் பிழை. முள்ளைத் தள்ளுவது கூட்டல் திருத்தம். 60இல் பொருந்தும்படி 4 கிலோமீட்டர் தள்ளினால், 30இல் இரண்டு தேவைப்பட்ட இடத்திலும் நான்கே கூடும். 80இல் ஐந்துக்குமேல் தேவைப்படும்போதும் நான்கே கூடும். வண்டி நிற்கும்போதும் முள் நான்கைக் காட்டும் என்பது கூடுதல் வேடிக்கை. வில்லின் இறுக்கத்தை மாற்றுவது இதைவிட அறிவுள்ள வேலை. முள் எல்லா வேகத்திலும் ஒத்துவரும். தூர எண்கள் மட்டும் அப்படியே இருக்கும். முள்ளையும் தூரத்தையும் ஒருசேரத் திருத்த வேண்டுமானால் அவை பிரியும் இடத்துக்கு முன்னால், அதாவது பினியனில், கைவைக்க வேண்டும். பற்கள் குறைந்த பினியன் வேகமாகச் சுழலும். எங்கள் வண்டியில் இருந்தது 18 பற்கள். 17 பற்கள் உள்ளதைப் போட்டால் சுழற்சி 18/17, அதாவது 1.059 மடங்கு. நமக்குத் தேவை 1.065. பதினேழரைப் பல்லோ பதினாறே முக்கால் பல்லோ கிடையாதே! மிஞ்சும் அரை விழுக்காட்டைச் சுமந்துதான் ஆக வேண்டும். டயர் தேயத் தேயச் சுற்றளவே ஓரிரு விழுக்காடு குறைந்துவிடும் என்பதால் இதற்காக வருந்தவும் வேண்டாம்.

இன்றைய வண்டிகளில் கேபிள் இல்லை. உணரி ஒன்று சுழற்சிக்கு இத்தனை துடிப்புகள் என்று அனுப்ப, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற மாறிலியைக் கொண்டு மின்னணுச் சுற்று வேகத்தைக் கணக்கிடுகிறது. பெரிய டயர் போட்டால் அந்த மாறிலியை அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். பின்ன எண்ணும் எழுதலாம். பல்லின் தொல்லை இல்லை. ஆனால் விளைவு பெரிது. நம் நாட்டில் 2015 அக்டோபர் 1 முதல் தயாரான பெரும்பாலான சரக்கு லாரிகளுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அது நம்பியிருப்பதும் இதே சுழற்சிக் கணக்கையானால், 1.065 மடங்கு டயர் மாட்டிய லாரியை அது 80 என்று நினைத்து 85இல் ஓடவிடும். ஐந்துதானே என்கிறீர்களா? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 13 விழுக்காடு கூடுகிறது. வினாடிக்கு வினாடி 5 மீட்டர் என்ற வீதத்தில் வேகத்தைக் குறைக்கும் பிரேக் இருந்தால், 49 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 56 மீட்டரில் நிற்கும். இடையிலுள்ள ஏழு மீட்டரில் யார் இருப்பார் என்பது இயற்பியலுக்குத் தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரிகளில் பொருத்தும் ஓட்டப்பதிவுக் கருவியை இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிப்பதோடு, டயரின் சுற்றளவு மாறினாலும் மீண்டும் சோதிக்க வேண்டும். சுற்றளவையும் மாறிலியையும் ஒரு தகட்டில் பொறித்து ஒட்டுகிறார்கள். நம் பதிவு விண்ணப்பப் படிவத்திலும் டயரின் அளவைக் கேட்கும் கட்டம் இருக்கிறது. மீட்டரின் மாறிலிக்குக் கட்டம் இல்லை. இவ்விரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பாதிகள் என்பது படிவம் வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும். இது கடினமான சீர்திருத்தமன்று. ஒரு கட்டம் கூடுதலாக வரைய வேண்டும், அவ்வளவே.

இனி எங்கள் லாரிக்கு வருவோம். உரிமையாளரை அருகில் அமர்த்திக்கொண்டு சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணினோம். பத்துக் கல் தூரத்துக்கு மீட்டர் 9.4 காட்டியது. அவர் வெகுநேரம் பேசவில்லை. புதுப்பேட்டைக் கடைகளில் இரண்டு நாள் தேடி 17 பல் பினியன் வாங்கி மாட்டினார்கள். மறுபடி எண்ணியபோது பத்துக் கல்லுக்கு 9.9.

முள் மட்டும் 60இல் நிற்கும்போது செயலி 57 என்றது. "சரியா இருந்த முள்ளைக் கெடுத்துட்டீங்களே சார்" என்று உரிமையாளர் குறைப்பட்டுக்கொண்டார். பிடித்த பணத்தில் பாதியை ஓட்டுநரிடம் திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு அடுத்த மாதம் கணக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.