31-க்கும் 55-க்கும் நடுவில்

கோல்சன் ஒயிட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' 2019-இல் வெளிவந்து மறுவருடமே புலிட்சர் பரிசு வாங்கியது. "இவ்வளவு பெரிய கொடுமையை இவ்வளவு வறட்சியா எழுதியிருக்காரே" என்றான் படித்த நண்பன். எனக்கோ அந்த வறட்சியில்தான் நாவல் உயிரோடு இருப்பதாகப் படுகிறது. அதைச் சொல்ல, நாவலுக்குப் பின்னால் இருக்கும் நிஜப் பள்ளிக்குப் போக வேண்டும்.

ஃப்ளோரிடாவின் மரியானா ஊரில் 1900-இல் தொடங்கிய சீர்திருத்தப் பள்ளி அது. பின்னாளில் டோசியர் பள்ளி என்று பெயர். 1903-லேயே, பிள்ளைகளைக் கால்விலங்கு போட்டு வைத்திருப்பதாக ஆய்வுக்குப் போனவர்கள் எழுதி வைத்தார்கள். 1914-இல் விடுதி தீப்பிடித்துப் பையன்கள் செத்தார்கள். 'வெள்ளை மாளிகை' என்று பையன்கள் சொன்ன சின்னக் கட்டடத்தில் தோல்வாரால் அடி. அலறல் வெளியே கேட்காமலிருக்க ஒரு பெரிய மின்விசிறி. 1968 வரை வெள்ளைப் பையன்கள் ஒரு பக்கம், கறுப்புப் பையன்கள் இன்னொரு பக்கம். மூடியது 2011-இல்! கால்விலங்கு பற்றி எழுதி 108 வருஷம் கழித்து.

2009-இல் மாநில விசாரணை 31 கல்லறைகள் என்று கணக்குச் சொன்னது. தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர் எரின் கிம்மர்லியின் குழு தோண்டியபோது கிடைத்தவை 55.

நாவலின் எல்வுட் எழுத்தை நம்புகிற பையன். ஓட்டல் சமையலறையில் தட்டு துடைக்கும் பந்தயத்தில் ஜெயித்து ஒரு கலைக்களஞ்சியத் தொகுப்பை வீட்டுக்குத் தூக்கிவருகிறான். முதல் தொகுதியில் மட்டும்தான் அச்சு இருக்கிறது, மற்றதெல்லாம் வெற்றுத்தாள். கல்லூரிக்குப் போகும் வழியில் ஏறிய கார் திருட்டுக் கார் என்பதால் நிக்கல் பள்ளிக்கு வருகிறான். அங்கேயும் பழக்கம் விடவில்லை. பையன்களுக்கு வந்த சாமான்கள் ஊர்க் கடைகளுக்கு விற்பனையாவதைத் தேதிவாரியாகக் குறித்துவைக்கிறான். எங்கள் வேலையில் இதை லாக் என்போம். எழுதுறது கஷ்டமே இல்லை, யாராவது திறந்து பார்க்கணும். எல்வுட்டின் குறிப்பு ஆய்வாளர்கள் கைக்கே போய்ச் சேர்கிறது. தண்டனை கிடைப்பது அவனுக்கு. 1903 அறிக்கையின் கதியைத்தான் ஒயிட்ஹெட் ஒரு பையனின் உடம்பில் ஏற்றிக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்த அறிக்கை மொழி. இங்கே கண்ணீர் விடும் உரைநடை பொய்யாகியிருக்கும்.

குறையும் இருக்கிறது. கண்காணிப்பாளர் ஸ்பென்சர் வெறும் வில்லன். நூறு வருஷம் ஒரு ஊரே கூடவிருந்து நடத்திய விஷயத்துக்கு ஒற்றை வில்லன் போதாது. ராமெல் ராஸின் 2024 படம் கேமராவையே பையன்களின் கண்ணாக மாற்றியதால், பெரியவர்கள் இன்னும் தூரமாகிவிடுகிறார்கள்.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். தப்பி ஓடும்போது எல்வுட் சுடப்படுகிறான். நண்பன் டர்னர் பிழைத்து, எல்வுட் என்ற பெயரிலேயே நியூயார்க்கில் வாழ்கிறான். சிலர் இதைத் திருப்பத்துக்காகச் செய்த வித்தை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் காகிதத்திலும் நிற்காத பெயரை ஒருவன் தன் ஆயுள் முழுக்கச் சுமக்கிறான்.

2017-இல் ஃப்ளோரிடா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது. 2024-இல் டோசியர், ஒகிச்சோபி பள்ளிகளில் 1940-க்கும் 1975-க்கும் நடுவில் அடைபட்டு, இன்னும் உயிரோடிருப்பவர்களுக்காக 2 கோடி டாலர் ஒதுக்கியது. விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, அங்கே இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. டர்னர் நிஜ ஆளாக இருந்திருந்தால் அந்தப் படிவத்தில் எந்தப் பெயரை எழுதியிருப்பான்?