கோத்தகிரி கூடத்தில் மின்கணப்பு: ஒரு குளிர்காலத்து அனுபவம்

கோத்தகிரியில் என் அத்தை வீட்டுக் கூடம், ஒரு காலத்தில் அந்த வீட்டிலேயே எல்லோரும் வந்து உட்கார ஆசைப்படும் இடம். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். பதினோரு அடி உயரச் சுவர், நடுவில் செங்கல் கணப்பு. சீகை விறகும் கற்பூர மரத்துக் கட்டையும் அதில் எரியும். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் அதன் முன்னால்தான் தூங்கினோம். இரண்டு வருடத்துக்கு முன்பு அத்தைக்கு இழுப்பு அதிகமானது. விறகுப் புகை ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணப்பு வாயில் சாக்குப்பையைத் திணித்து, அதற்கு மேலே டிவியை மாட்டினார்கள். நாற்காலிகள் சுவரோரம் போய் வரிசையாக நின்றுகொண்டன. அத்தை ஆறு மணிக்கே படுக்கையறைக்குப் போய்விடுவார். வீட்டின் நடுக்கூடம் யாரும் தங்காத நடைபாதையாகிவிட்டது.

அந்தக் கூடத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான் போன டிசம்பரில் ஒரு மின்கணப்பு வாங்கினோம். பழைய கணப்புக் குழிக்குள் செருகி வைக்கும் வகை. முன்னால் கண்ணாடி, உள்ளே விறகு போலச் செய்த கட்டைகள், எல்.இ.டி. சுடர், விசிறியோடு கூடிய ஹீட்டர், ஒரு ரிமோட். வெப்பத்துக்கு 1000 வாட், 2000 வாட் என இரண்டு நிலை. எங்களுக்கு 28,000 ரூபாய் ஆனது. ஏறக்குறைய இதே உட்பாகங்களோடு பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் ஒரு பிராண்டைப் பற்றி எழுதாமல், இந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் அளவு. இதில்தான் பலரும் ஏமாறுவார்கள். எங்கள் கணப்பின் வாய் 32 அங்குல அகலம். 26 அங்குலப் பெட்டி தாராளமாகப் போகும் என்று ஆர்டர் போடவிருந்தேன். ஆசாரி டேப்பை உள்ளே நீட்டி, "சார், பின்சுவரையும் பாருங்க" என்றார். பின்சுவர் 20 அங்குலம்தான். பக்கச் சுவர்கள் இரண்டும் உள்ளே போகப் போகச் சாய்ந்து குறுகுகின்றன. இது கொத்தனார் செய்த பிழை அல்ல. கவுன்ட் ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி 1796-ல் எழுதிய கட்டுரையில், கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் தீயின் வெப்பம் அறைக்குள் திரும்பும் என்று விளக்கினார். அதற்குப் பிறகு கட்டிய கணப்புகள் பலவும் அந்த வடிவத்தைத்தான் பின்பற்றின. நீலகிரி, கொடைக்கானல் பங்களாக்களிலும் இந்தச் சாய்வைப் பார்க்கலாம். மின்கணப்போ நான்கு பக்கமும் நேரான பெட்டி. எட்டு அங்குல ஆழத்தில் எங்கள் குழியின் அகலம் 24 அங்குலத்துக்குச் சற்று மேல். ஆகவே 23 அங்குலப் பெட்டிதான் வாங்க முடிந்தது. மிச்சமிருந்த இடைவெளியை, கறுப்பு பெயின்ட் அடித்த தகட்டுச் சட்டத்தால் ஆசாரி மூடினார். சுவரில் ஒரு செங்கல்லைக்கூட உடைக்கவில்லை. நாளைக்கு யாராவது விறகுக் கணப்பு வேண்டும் என்றால் நான்கு திருகாணியைக் கழற்றினால் போதும். பழைய வீட்டில் எதைச் செய்தாலும் இப்படித் திரும்பிப் போக ஒரு வழி வைத்துச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

முதல் நாள் இரவு பெரிய ஏமாற்றம். கூடம் 14 டிகிரியில் இருந்தது. 2000 வாட்டில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 16-ஐத் தாண்டவில்லை. சோபாவுக்கு அருகே வைத்த தெர்மாமீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அத்தைதான் ஓர் ஊதுபத்தியை ஏற்றி, தகட்டுச் சட்டத்தின் விளிம்பில் பிடித்தார். புகை நூல் போல நேராக உள்ளே போய் மேலே ஏறியது. "உன் சூடெல்லாம் புகைபோக்கி வழியாப் போகுது பார் கண்ணு" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. திறந்த புகைபோக்கி, அறையின் வெதுவெதுப்பான காற்றை இடைவிடாமல் உறிஞ்சி வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். விறகு எரித்த காலத்திலும் இதேதான் நடந்தது. திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி வானத்துக்குத்தான் போகும். மறுநாள் புகைபோக்கியின் கழுத்தில் ஒரு தகட்டை வைத்து அடைத்தோம். கழற்றுவதற்கு அதில் ஒரு கைப்பிடி வைத்தோம். முழுக்க அடைத்துவிடக் கூடாது. புகைபோக்கிக்குள் காற்று நடமாட்டம் நின்றுபோனால் ஈரம் கோத்து, சுவரில் கறை இறங்கும். ஆகவே தகட்டில் சில சிறு துளைகள் போட்டோம். கூரைக்கு மேலே மழையும் பறவையும் புகாதபடி வலை வைத்த தொப்பி மாட்டினோம். அன்றிரவும் 14 டிகிரியில்தான் தொடங்கினோம். ஒரு மணி நேரத்தில் 18.5-க்கு வந்தது. சாதனம் அதேதான், மாறியது அந்தத் தகடு மட்டும்தான்.

இனி சுடரைப் பற்றி. உள்ளே ஒரு தண்டு மெதுவாகச் சுழல்கிறது. அதில் பளபளப்பான சிறு தகடுகள். எல்.இ.டி. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி, பின்னாலுள்ள திரையில் சுடராக எழுகிறது. நேர் எதிரே, ஏழெட்டு அடி தூரத்தில் உட்கார்ந்தால் உண்மையிலேயே அழகு. கட்டைகளின் அடியில் கங்கு மூச்சுவிடுவது போல வெளிச்சம் ஏறி இறங்குகிறது. பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த அழகு போய்விடும். சுடர் ஒரு தட்டையான படம் என்பது தெரிந்துவிடும். அரை மணி நேரம் உற்றுப் பார்த்தால் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதும் பிடிபடும். விறகு வெடிக்கும் சத்தம் என்று ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாளே அதை நிறுத்திவிட்டோம். ஹீட்டர் ஓடும்போது விசிறி இரைச்சல் டேபிள் ஃபேன் அளவுக்கு இருக்கிறது. டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்ட வேண்டியிருந்தது. ஹீட்டர் இல்லாமல் சுடர் மட்டும் ஓடினால் சத்தமே கிடையாது. மின்சாரமும் 15 வாட் அளவில்தான் இழுக்கிறது. கோடைக்கால மாலைகளில்கூட அத்தை அதைப் போட்டு வைக்கிறார்.

வெப்பத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. விறகுத் தீ நம் உடம்பைச் சுடும். முழங்காலிலும் முகத்திலும் நேராக வந்து படும். இது காற்றைச் சூடாக்கி முன்னால் ஊதுகிறது. சூடான காற்று மேலே ஏறும். எங்கள் கூரையோ பதினோரு அடி. அதனால் நிற்பவருக்கு இதமாக இருக்கும்போதும், உட்கார்ந்திருப்பவர் பாதம் சில்லென்றே இருக்கும். கனமான சணல் விரிப்பு ஒன்றும், நடைபாதைக் கதவுக்குத் தடித்த திரை ஒன்றும் போட்ட பிறகுதான் பாதக்குளிர் அடங்கியது. இன்னொரு குறை, தெர்மோஸ்டாட். உணர்வி பெட்டிக்குள்ளேயே இருப்பதால், அறை 18 டிகிரியில் இருக்கும்போதே அது 22 என்று நினைத்து அணைந்துவிடுகிறது. 25-ல் வைத்தால்தான் அறைக்கு 19, 20 கிடைக்கிறது.

மின் இணைப்பில் விளையாட்டு கூடாது. 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, எர்த்தோடு 16 ஆம்பியர் பவர் பிளக் வைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே செருகாதீர்கள். மலையில் மாலை நேர வோல்டேஜ் பிரச்சினையும் உண்டு. எங்கள் பக்கம் ஏழு மணிக்குச் சில நாட்களில் 200-க்கு இறங்கும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே ஹீட்டரின் சக்தி அதைவிட வேகமாகக் குறையும். 200 வோல்ட்டில் இந்த 2000 வாட் பெட்டி 1500 வாட்தான் தரும். ‘ஹீட்டர் சரியில்லை’ என்று கடைக்காரரைக் குறை சொல்லும் முன் ஒரு மீட்டரை வைத்து வோல்டேஜைப் பாருங்கள்.

செலவு: முதல் ஒரு மணி நேரம் 2000 வாட், அடுத்த இரண்டு மணி நேரம் 1000 வாட் என்று ஓட்டினோம். நாளுக்கு 4 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். அத்தையின் வழக்கமான 220-ஐயும் சேர்த்து 460-ல் நின்றது. 500-ஐத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும் என்பதால், அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம்.

கூடத்தை மாற்றியதில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது டிவியை இடம் மாற்றியதுதான். கணப்புப் பலகைக்கு மேல் மாட்டினால் டிவியின் நடுப்பகுதி ஆறடி உயரத்துக்குப் போய்விடுகிறது. சோபாவில் உட்கார்ந்தவர் கண் மூன்றரை அடியில். இரண்டு வருடமாக அத்தை கழுத்துவலி என்று சொன்னதற்குக் காரணம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது டிவி பக்கத்துச் சுவரில், கண் மட்டத்தில். நாற்காலிகளைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, கணப்பைச் சுற்றி அரைவட்டமாகப் போட்டோம். பலகை மேல் மாமாவின் படம், ஒரு பித்தளைச் செம்பு, அவ்வளவுதான்.

விளக்கையும் கட்டாயம் மாற்றுங்கள். நம் வீடுகளில் எரியும் வெள்ளை வெளேர் டியூப் லைட் 6500 கெல்வின். அதன் கீழே இந்தச் சுடர் சோகை பிடித்தது போல வெளுத்துத் தெரியும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பு இரண்டை மூலையில் வைத்ததும் செங்கல்லின் சிவப்பும் சுடரின் நிறமும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டன. கணப்புக்கு மேலே பல வருடக் கரிக்கறை இருந்தது. அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தோம். ஒரு வாரத்தில் பழுப்பாக மேலே ஊறி வந்துவிட்டது. கறையைத் தடுக்கும் பிரைமர் அடித்த பிறகுதான் நின்றது. மற்றச் சுவர்கள் சுண்ணாம்புக் காரை. அவற்றுக்குச் சுண்ணாம்பே அடித்தோம். இந்த ஈர ஊரில் சுவர் மூச்சுவிட வேண்டும். எனாமல் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, கொப்பளித்து உரியும்.

ஒரு பெரிய குறையை மறைக்க முடியாது. காற்றும் மழையும் அடித்து மரம் விழுந்து கரன்ட் போகும் இரவில்தான் குளிர் அதிகம்; அன்றைக்கு இது வெறும் பெட்டி. வீட்டு இன்வெர்ட்டர் 2000 வாட்டைத் தாங்காது. ஜனவரியில் அப்படி இரண்டு இரவுகள் வந்தன. கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான் காப்பாற்றின. அப்படிப்பட்ட இரவில், மலைக்கு வந்து தங்குபவர்கள் செய்யும் ஒரு காரியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மூடிய அறைக்குள் கரியடுப்பைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். புகை வராததால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மின்கணப்பில் எதுவும் எரியவில்லை. அந்த வாயுவுக்கு இடமே இல்லை. அத்தையின் நெஞ்சுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வெப்பம் மட்டும் வேண்டும் என்றால் இதை வாங்க வேண்டாம். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண 2000 வாட் ரூம் ஹீட்டரும் இதே வெப்பத்தைத்தான் தரும். மிச்சப் பணத்தைப் புகைபோக்கித் தகடு, திரை, விரிப்பு, தனி ஒயர் ஆகியவற்றில் போடுங்கள். அணைந்துபோன கணப்பு ஒன்று உங்கள் கூடத்தின் நடுவில் இருந்து, அதைச் சுற்றி மறுபடியும் மனிதர்கள் உட்கார வேண்டும் என்று நினைத்தால், பின்சுவர் அகலத்தை அளந்துகொண்டு வாங்கலாம். அத்தை இப்போது ஒன்பதரை மணி வரை கூடத்தில்தான் இருக்கிறார். அவர் வீட்டுக்கு மறுபடியும் இதையே வாங்குவேன்.